காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை

ஜூன் 1, ஞாயிறு

எங்கள் வீதியில் இன்று முதல் வண்டி நிறுத்தினால் காசு. போன வாரமே மஞ்சள் கம்பங்களை நட்டு, துணி சுற்றி மூடி வைத்திருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலையில் வீட்டுக்காரருக்குக் காபி கொடுத்துவிட்டு முதல் ஆளாக இறங்கிப் போனேன். கம்பத்தின் நெற்றியில் சின்னத் திரை, அதன் கீழே எண்கள். வண்டி நம்பரை அழுத்தினால் சீட்டு வருகிறது. போனிலும் கட்டலாம். முதல் கால்மணி நேரம் சும்மா. அப்புறம் காருக்கு மணிக்கு இருபது ரூபாய், ஸ்கூட்டருக்கு ஐந்து. காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை.

கம்பத்தின் பக்கத்தில் நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நின்றிருந்தாள். பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. பெயர் ரெஜினா.

"நாங்க இந்த வீதியிலயே குடியிருக்கறோம். எங்க வண்டிக்குமா?" என்றேன்.

"மெஷினுக்கு அதெல்லாம் தெரியாதுங்கக்கா. வண்டி நின்னா காசு."

எங்களுக்கு வீடும் தொழிலும் ஒரே மாடியில். வீதியைப் பார்த்த முன்னறையில் நான் நடத்தும் வசந்தம் திருமணத் தகவல் மையம். நடுக்கதவைத் தாண்டினால் வீடு. கீழே சபாபதியண்ணனின் பாத்திரக்கடை. கார் விட இடம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்து அது வீதியோரமாகத்தான் நிற்கிறது.

பக்கத்திலிருந்த அறிவிப்புப் பலகையை முழுவதும் படித்தேன். கடைசி வரிதான் எனக்குப் பிடித்தது. ஓட்டுகிற இருக்கையில் ஆள் இருந்து, சொன்னவுடன் வண்டியை நகர்த்தத் தயாராக இருந்தால் அது நிறுத்தம் இல்லையாம், காத்திருப்பாம். காத்திருப்புக்குக் கட்டணம் இல்லை.

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு சனங்கள் என்னவெல்லாம் செய்யப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

தரணி காலையில் ஒன்பதடிப்பதற்குள் காரைக் கொண்டுபோய்ச் சந்தைத் திடலில் விட்டுவிட்டு நடந்து வருகிறான். அங்கே காசு இல்லை. வெயிலில் வந்து நிற்கிறவனைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

என் ஒரே பையன். வீட்டிலிருந்தே ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு வேலை செய்கிறான். வாடிக்கையாளர்கள் கேட்பதற்கெல்லாம் எழுத்திலேயே பதில் அனுப்புகிற வேலை. அவனுக்கு ஏற்ற வேலை. முப்பத்தாறு வயதாகிறது. ஊருக்கெல்லாம் வரன் பார்க்கிறவளின் பையனுக்கு இன்னும் அமையவில்லை என்று நாலு பேர் பேசத்தான் செய்வார்கள். அவனுடைய விவரத்தையும் மையத்தில் வைத்திருக்கிறேன். குணம் என்ற இடத்தில் 'மிதமாகப் பேசுபவர்' என்று நானே எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை திடலில் சந்தை கூடும். கார் விட முடியாது. என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

"நா... நான் போயி கா... கா..." என்றான் தரணி.

"கார்ல உக்காந்துக்கறேங்கற. சரி, போ. லேப்டாப்ப எடுத்துக்கோ."

ஆள் உள்ளே இருந்தால் காசில்லையே.

அவன் மட்டுமல்ல, வீதியே அப்படித்தான் இருந்தது. சாய்வாகக் கோடு போட்ட கட்டங்களில் வரிசையாகக் கார்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர். ஜவுளி எடுக்க வந்த வீட்டில் மாமனார் உள்ளே, மருமகள் கடையில். எங்கள் மையத்துக்கு ஞாயிறுதான் கூட்டம். முன்பெல்லாம் குடும்பமே மாடியேறி வந்து மத்தியானம் வரை உட்கார்ந்திருப்பார்கள். இன்று அப்பாக்களைக் காரில் விட்டுவிட்டு அம்மாக்கள் மட்டும் வந்தார்கள், அதுவும் பாதி நேரம்தான் இருந்தார்கள். ஒன்று கவனித்தேன். அப்பா பக்கத்தில் இல்லாவிட்டால் அம்மாக்கள் பேசுகிற பேச்சே வேறாக இருக்கிறது. "எம்பொண்ணுக்கு மேல படிக்கத்தான் ஆசைங்கக்கா, அவங்கப்பாதான் புடிவாதமா நிக்கறாரு" என்று கவுந்தப்பாடிக்காரம்மா சொன்னாள். நாலு முறை வந்தபோதும் சொல்லாதது.

பவானியிலிருந்து லோகநாயகி என்று ஒரு புது அம்மா வந்தாள். திருப்பூரில் வேலை பார்க்கிற பையனுக்குப் பெண் தேடுகிறாள்.

"வீட்ல யாராரு இருக்கறீங்க?"

"நானும் பையனுந்தானுங்கக்கா. வூட்டுக்காரர் தவறிட்டாரு. மூத்தது பொண்ணு. கட்டிக் குடுத்தாச்சு."

கேட்காமலே சேர்த்துச் சொன்ன அந்தக் கடைசி இரண்டு வார்த்தை கொஞ்சம் வேகமாக வந்தது. இத்தனை வருஷத் தொழிலில் அந்த வேகம் எனக்குத் தெரியும்.

"வண்டியில யாருங்க?"

"சொந்தக்காரப் புள்ள ஒண்ணு. வண்டி ஓட்டும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் கார் பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். ஓட்டுகிற பக்கத்துக் கண்ணாடி இறங்கியிருந்தது. ஒரு பெண்ணின் முழங்கையும் அதன்மேல் ஒரு புத்தகத்தின் ஓரமும் மட்டும் தெரிந்தன.

ஜூன் 12, வியாழன்

சபாபதியண்ணன் மாடியேறி வந்தார். வீதியிலுள்ள கடைக்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நெற்றி வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டே பேசினார்.

"வசந்தாமணி, இத உட்டம்னா நம்ம வீதியே செத்துப் போயிரும். வாரவனெல்லாம் பைபாஸ் பக்கம் போயிருவான். உங்க தொழிலுக்கும் அடிதான?"

அடிதான். மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிற தொழில் எங்களுடையது. நான் ஒத்துக்கொண்டேன். ஆனால் அவர் கடை வாசலைப் பார்த்தபோது வேறொன்று தோன்றியது. முன்பு அந்த இடத்தில் நாளெல்லாம் நின்றது அவருடைய வேனும் அவர் தம்பியின் காரும்தான். இப்போது இரண்டும் சந்தைத் திடலுக்குப் போய்விட்டன. அந்த இடத்தில் ஒரு வண்டி வருகிறது, அவசரமாக ஒரு குக்கரை வாங்கிக்கொண்டு போகிறது, உடனே அடுத்தது வந்து நிற்கிறது. வாரநாளில் அவர் கடையில் இத்தனை பேரை நான் பார்த்ததில்லை.

அவரிடம் சொல்லவில்லை. தலைவரிடம் எப்படிச் சொல்வது.

ஜூன் 22, ஞாயிறு

நல்ல வெயில். தரணி காரிலிருந்து இரண்டு முறை மேலே வந்து மோர் வாங்கிப் போனான். ஒவ்வொரு முறையும் இரண்டு டம்ளர். தாகம் அப்படி.

லோகநாயகி மூன்றாவது ஞாயிறாக வந்தாள். பொருந்தக்கூடிய ஜாதகங்களை எடுத்துக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே உட்கார்ந்தாள். மற்றவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள், இவள் பார்ப்பதில்லை. "அந்தப் புள்ள பாவம், மேல வரச் சொல்லுங்களேன், ஃபேனுக்கடியில உக்காரட்டும்" என்றேன். "வேண்டாங்கக்கா, வண்டிக்குக் காசு கேப்பாங்க" என்றாள். முதல் கால்மணி சும்மாதானே என்றேன். காதில் விழாததுபோல் அடுத்த ஜாதகத்தை எடுத்துக்கொண்டாள்.

வெள்ளைக் கார் பெரிய கார். லோகநாயகியின் கையிலிருந்த வளையல் கனமான வளையல். இருபது ரூபாய்க்கு யோசிக்கிற குடும்பம் இல்லை.

ஜூன் 29, ஞாயிறு

கூட்டம் குறைவு. சாயங்காலம் ஜன்னல் திரையைத் துவைத்துப் போட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

கறிவேப்பிலை வாங்கக் கீழே போனேன். வீட்டில் கறிவேப்பிலை இருந்தது, ஆனாலும் போனேன்.

வெள்ளைக் காரில் இருந்தவளை நன்றாகப் பார்த்தேன். முப்பது தாண்டிய முகம். ஒடிசலான தேகம், மூக்குக்கண்ணாடி. கழுத்தில் மெல்லிய சங்கிலி ஒன்றுதான். நெற்றியில் கறுப்புப் பொட்டு. என்னைக் கண்டதும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தாள். வாய் லோகநாயகியின் வாய். அச்சு மாறவில்லை.

கட்டிக் கொடுத்த பெண் திரும்பி வந்துவிட்டாள். அவள் வீட்டிலிருப்பது தெரிந்தால் தம்பிக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள் என்று அம்மா அவளைக் காரிலேயே உட்கார வைத்துவிட்டு வருகிறாள். பார்க்கிங் காசு ஒரு சாக்கு. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இதில் தவறு சொல்ல நான் யார்? என்னிடம் வருகிறவர்களுக்கு நானே எத்தனை முறை, "கேட்டாச் சொல்லுங்க, கேக்காததச் சொல்லாதீங்க" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பக்கத்துக் காரில் தரணி சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. லேப்டாப்பில் ஏதோ வேடிக்கையாக ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

ஜூலை 9, புதன்

கவுன்சிலர் கூட்டம் போட்டிருந்தார், பள்ளிக்கூட மண்டபத்தில். மாநகராட்சியிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்து எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

சபாபதியண்ணன் ஒரு நாள் கடையடைப்பு என்றார். கை தட்டினார்கள். குடியிருக்கிறவர்கள் பக்கம் நான் எழுந்தேன். "கடைக்கு வாறவங்க கொஞ்ச நேரத்துல போயிருவாங்க. நாங்க எங்க போறது? வீட்டுக்கு முன்னால நிறுத்தறதுக்கு நாளெல்லாம் காசு குடுத்தா அது வாடக மாதிரி ஆகிப் போச்சு. வீட்டுக்கு ஒரு வண்டிக்கு அட்டை குடுங்க," என்றேன். இன்ஜினியர் அம்மா இரண்டு முறை தலையாட்டினாள். நான் மேடையில் பேசுவேன் என்று எனக்கே தெரியாது.

திரும்பும்போது அண்ணன் என் பக்கத்தில் நடந்து வந்தார். குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு சொல்றன், வெளிய சொல்லிப் போடாத. இந்த மாசம் யாவாரம் பரவால்ல," என்றார்.

"அப்ப எதுக்குண்ணா கடையடைப்பு?"

"தலைவர்னு உக்காத்தி வெச்சிருக்காங்களே," என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்துவிட்டது. ஒரு மாசத்துக்கு யாரும் வரன் பேச வரமாட்டார்கள். அலமாரியை ஒழித்து, பழைய ஜாதகங்களைக் கட்டி வைத்தேன்.

லோகநாயகி வரவில்லை. வெள்ளைக் கார் மட்டும் வந்தது. ஆடித் தள்ளுபடியில் ஏதாவது வாங்க வந்திருப்பாள் அந்தப் பெண். ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் பார்த்தேன், கார் அதே இடத்தில்தான் இருந்தது, அவளும் அதற்குள்தான் இருந்தாள்.

ஜூலை 30, புதன்

அட்டை வந்துவிட்டது. வீட்டுக்கு ஒரு வண்டி, வருஷத்துக்கு ஒரு சின்னத் தொகை. ரெஜினாவே கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க பேசுனதாலதானுங்கக்கா," என்றாள். கண்ணாடியில் நானே ஒட்டினேன். இனிமேல் திடலுக்கும் போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வேகவும் வேண்டாம்.

சொன்னேன் தரணியிடம். "ச... சரிம்மா" என்றான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

காலையில் தரணி முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு கார் சாவியை எடுத்தான்.

"எங்கடா?"

"கீ... கீழ."

"அட்டைதான் ஒட்டியிருக்குதே, சாமி. உக்கார வேண்டாமே."

"அங்க கா... காத்து..."

"காத்து நல்லா வருதா? சரி, போ."

பவானியில் இன்று கூடுதுறை ஆற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஊரை விட்டுவிட்டு வெள்ளைக் கார் இங்கே வந்து நின்றது. நான் ஜன்னலில் நின்றேன். இரண்டு கார்களின் கண்ணாடிகளும் இறங்கியிருந்தன. தரணி பேசிக்கொண்டிருந்தான். கையை ஆட்டி, நிறுத்தி, மறுபடி ஆட்டி, ரொம்ப நேரம் பேசினான். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பின்னால் அவர் வந்து நின்றார்.

"பேரு பிருந்தா. கூட்டுறவு பேங்க்ல வேல," என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தரணி சொன்னான்."

"எப்ப?"

"போன மாசம். நீ கேக்கவே இல்லியே வசந்தா. ஜன்னல்லதான நிக்கற, தெரியும்னு நெனச்சேன்."

மதியம் கலந்த சாதம் செய்தேன். உப்புக் கூடிவிட்டது.

ஆகஸ்ட் 4, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 6, புதன்

இவனுக்கு இது முதல் கல்யாணம். அதைத்தான் அவரிடம் சொன்னேன். அவர் பேப்பரைக்கூட இறக்கவில்லை.

"ரெண்டாங் கல்யாணம் ஒரு கொறையே இல்லன்னு இந்த ரூம்ல உக்காந்து எத்தன பேருகிட்டச் சொல்லியிருக்கற?"

"அது வேற."

"எது வேற?"

கொடியில் துணி காய்ந்துவிட்டது, எடுக்கப் போனேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி முதல் தேதி. மறுபடி கூட்டம். லோகநாயகி முகமெல்லாம் சிரிப்பாக வந்தாள். அவள் பையனின் ஜாதகம் கோபி ஊர்க் குடும்பம் ஒன்றின் பெண்ணுக்குப் பொருந்திவிட்டது. நல்ல குடும்பம், பெண் பார்க்க லட்சணம். அவர்கள் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள்.

யாருமில்லாத நேரம் பார்த்து நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டாள்.

"அக்கா, உங்ககிட்ட மறைக்கல. பெரியவ எங்கூடத்தான் இருக்கறா. ஒத்து வரலீங்க. கோர்ட்ல எல்லாம் முடிஞ்சு போச்சு. கோபிக்காரங்க கேட்டா பெங்களூர்ல புருசனோட இருக்கறான்னு ஒரு வார்த்த சொல்லீருங்க. கல்யாணம் முடிஞ்சப்பறம் தெரிஞ்சாத் தெரியட்டும்."

"பெரியவளுக்குத் தெரியுமா, இப்படிச் சொல்லப் போறது?"

"அவளுக்கென்னங்க, தம்பி நல்லா இருந்தாச் சரின்னுதான் சொல்லுவா."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரிச் சமையலின்போது யோசித்தேன். பெங்களூரில் புருசனோடு இருக்கிற பெண் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீதியில் காரில் உட்கார்ந்திருக்க முடியாது. அப்படிச் சொல்லிவிட்டால் சிலது தானாகவே நின்றுபோகும். இதை ஒரு விவரமாகத்தான் எழுதுகிறேன். அதற்காகத்தான் சரி என்றேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 20, புதன்

மையத்தை மூடப் போகிற நேரம், படியில் செருப்புச் சத்தம். பிருந்தா வந்து நின்றாள். முதல் முறையாக மாடியேறி வருகிறாள். பேங்க் முடிந்து நேராக வந்திருக்கிறாள், தோளில் பை.

"உள்ள வரலாங்களாம்மா?"

உட்காரச் சொன்னேன். தண்ணீர் கொடுத்தேன். சுவர் முழுக்க மாட்டியிருக்கிற கல்யாணப் படங்களைப் பார்த்தாள்.

"கோபிக்காரங்ககிட்ட என்னப் பத்தி என்ன சொல்லப் போறீங்கன்னு கேக்க வந்தேனுங்க."

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

"அவங்க சொல்லல. தம்பிகிட்ட போன்ல பேசுனது காதுல விழுந்துது. பெங்களூர்ல இருக்கறனாம்." டம்ளரைக் கீழே வைத்தாள். "அங்க போகச் சொன்னாப் போயிருவேன்மா. வேற ஊர்ல வேல வாங்கிக்கலாம். ஆனா உசுரோட பவானியில இருந்துக்கிட்டு, கல்யாணத்தன்னிக்கு ரூமுக்குள்ள உக்காந்துக்கறது என்னால ஆகாது. கார்ல உக்காந்தது போதும்."

நான் மேசையிலிருந்த ஜாதகங்களை அடுக்கினேன்.

"கார்ல உக்காந்ததுல ஒரு நல்லதும் நடந்துது," என்று அவளே சொன்னாள். "அது உங்களுக்குத் தெரியும்னு நெனைக்கறேன்."

"தரணி என்ன சொன்னான்?"

"நெறையச் சொன்னாரு. உங்களப் பத்தியும் சொன்னாரு."

"என்னன்னு?"

தயங்கினாள். "அவரு ஆரம்பிக்கற பேச்செல்லாம் நீங்க முடிச்சுக் குடுத்துருவீங்களாம். முக்காவாசி சரியாத்தான் இருக்குமாம். மீதியத் திருத்த மறுபடியும் பேசணுமேன்னு உட்டுருவாராம்."

அவள் குற்றம் சொல்வதுபோல் சொல்லவில்லை. அதனால்தான் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எத்தனை மீதியை அவன் அப்படி விட்டிருப்பான்? இத்தனை வருஷத்தில் எனக்கு இந்தக் கேள்வி வந்ததே இல்லை.

படியிறங்கும்போது அவளே திரும்பிப் பார்த்து, "தம்பி கல்யாணம் நின்னு போச்சுன்னா அம்மா என்னத்தான் சொல்லுவாங்க. பரவால்லீங்க. நெசத்தச் சொல்லுங்க," என்றாள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

கோபிக்குப் போன் செய்தேன். பெண்ணின் அம்மா எடுத்தாள். பையனைப் பற்றி, சம்பளத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு, "அக்கா ஒருத்தி இருக்கறா. கல்யாணமாகி விவாகரத்தாயிருச்சு. அம்மாகூடத்தான் இருக்கறா, பேங்க்ல வேல பாக்கறா," என்றேன். வீட்டில் கலந்துகொண்டு சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள்.

லோகநாயகிக்கும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். "பொழப்பு நடத்தறவங்க பண்ணற வேலையாங்கக்கா இது?" என்று கேட்டாள். அழுதாள். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வெள்ளைக் கார் வரவில்லை. ஆனாலும் தரணி கீழே போய் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் மேலே வந்து, அடுப்படியில் என் எதிரில் நின்றான்.

"அம்மா, எ... எனக்கு பி... பி..."

அந்தப் பேர் வாய்வரை வந்துவிட்டது எனக்கு. பல்லைக் கடித்துக்கொண்டேன். பால் பொங்கி வந்தது, அடுப்பை அணைத்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான், திறந்தான், மறுபடி ஆரம்பித்தான். நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"பி... பிருந்தாவப் புடிச்சிருக்குது. ஆனா உனக்குப் பு... புடிக்கலன்னா அதையும் நீ... நீயேதான் சொல்லணும். அப்பாவ விட்டுச் சொல்லக் கூ... கூடாது."

கடைசியாகச் சொன்னதை நான் எதிர்பார்க்கவே இல்லை. நானாக முடித்திருந்தால் 'புடிச்சிருக்குது' என்பதோடு நின்றிருப்பேன்.

"கொஞ்ச நாள் குடு," என்றேன். தலையாட்டினான். பாலைக் குடித்துவிட்டுப் போனான்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது கோபியிலிருந்து போன். பெண்ணின் அம்மா.

"பையனோட அக்கா நம்ம பொண்ணோட நல்லாப் பழகுவாங்களா?"

"தங்கமான புள்ள," என்றேன்.

"அப்பச் செரி. நாங்க வாறப்ப அவங்களும் வீட்ல இருக்கட்டும். பாத்துப் பேசிக்கறோம்."

அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. கை முழுக்க மாவோடு போனைப் பிடித்தபடி நின்றேன். இதற்கா இத்தனை வருஷம் இத்தனை பேருக்கு வார்த்தையை வளைக்கச் சொல்லிக் கொடுத்தேன்? எல்லோரும் கோபிக்காரர்களைப் போல இருக்கமாட்டார்கள்தான். ஆனால் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நான் கேட்டே பார்க்கவில்லை.

லோகநாயகி சாயங்காலம் கூப்பிட்டாள். கோபமாகவே ஆரம்பித்து, கோபமாகவே நன்றி சொல்லி வைத்தாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "அடுத்த ஞாயித்துக்கெழம பவானிக்குப் போலாமுங்களா?" என்றேன்.

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

அவர் சிரித்தார். தரணி நடுக்கதவின் அந்தப் பக்கம் நின்றிருந்தான் போலிருக்கிறது. நாற்காலி இடறுகிற சத்தம் கேட்டது.

செப்டம்பர் 7, ஞாயிறு

மையத்தைப் பூட்டி 'இன்று விடுமுறை' என்று பலகை மாட்டிவிட்டுப் பவானிக்குப் போனோம். நான், அவர், தரணி. போனில் பிருந்தாவிடமும் லோகநாயகியிடமும் முன்பே பேசியிருந்தேன். பழம், பூ எல்லாம் வாங்கிக்கொண்டோம். கல்யாணம் பேச எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். பையனின் அம்மாவாகப் போனது இதுவரை நாலு வீட்டுக்குத்தான். அந்த நாலு வீட்டிலும் என்ன நடந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

லோகநாயகி வாசலுக்கே வந்து அழைத்தாள். முகம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. திருப்பூரிலிருந்து பையனும் வந்திருந்தான். பிருந்தா எல்லோருக்கும் காபி கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் அம்மாவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

லோகநாயகி என்னைப் பார்த்தாள். "என்ற பொண்ணப் பத்தி உங்களுக்கு எல்லாம் தெரியும். ஊருக்கே சொன்னவங்க நீங்க. இப்ப உங்க பையனப் பத்திச் சொல்லுங்க," என்றாள்.

நூற்றுக்கணக்கான பையன்களைப் பற்றிச் சொன்ன வாய் இது. படிப்பு, வேலை, குணம் என்று வரிசை மாறாமல் வரும். படிப்பையும் வேலையையும் சொன்னேன். குணம் என்ற இடத்துக்கு வந்ததும், எப்போதும் சொல்கிற அந்த வார்த்தை நாக்கு நுனியில் வந்து நின்றது. தரணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தை வரும் என்று அவனுக்கும் தெரியும்.

"பையனுக்குப் பேச்சுத் திக்குமுங்க," என்றேன். "சின்ன வயசிலிருந்தே. ட்ரீட்மென்டெல்லாம் பாத்தாச்சு. கொஞ்சம் கொறைஞ்சுது, போகல. போகாதுன்னுதான் நெனைக்கறேன். நான் இத வெளிய சொன்னதே இல்லீங்க. இப்பத்தான் மொத தடவ சொல்றேன்."

தரணி தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அவர் தொண்டையைச் செருமினார்.

லோகநாயகி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பிருந்தா பேசினாள்.

"எங்கிட்டப் பேசறப்பவும் திக்குமுங்கம்மா. மொதல் நாள் அவரு பேர் சொல்லறதுக்கே ரொம்ப நேரமாச்சு. எனக்கு அன்னிக்கு வேற வேலையில்ல, கேட்டுக்கிட்டு இருந்தேன். இப்ப வேல இருந்தாலும் கேப்பேன்." அப்புறம் தரணியின் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றாள்.

கூடத்தில் எல்லோரும் அவனைப் பார்த்தோம். பெண் பார்க்கப் போன அந்த நாலு வீட்டிலும் இந்த இடத்தில்தான் நான் பேசினேன். அவனுக்குச் சம்மதம்தானுங்க என்று அவசரமாகச் சொல்லி, சிரித்து, பேச்சை வேறு பக்கம் திருப்பினேன்.

"எ... எனக்கு..." என்று ஆரம்பித்தான். உதடு இறுகிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. லோகநாயகியின் பையன் பார்வையைத் திருப்பிக்கொண்டான். நான் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தேன். அவன் நிறுத்தினான். மூச்செடுத்தான். பிருந்தா அசையவில்லை.

"எனக்கு இவங்களக் க... கட்டிக்க விருப்பம். ஆனா இவங்கள ஒரு த... தடவ அவசரப்பட்டுக் க... கட்டிக் குடுத்துட்டாங்க. அதனால எப்பன்னு இவங்கதான் சொ... சொல்லணும். நா... நாம யாரும் சொல்லக் கூடாது."

பிருந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். லோகநாயகி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி கல்யாணம் முடியட்டும்," என்றாள் பிருந்தா. "தையில பாக்கலாம்."

நான் கூடையிலிருந்த பூவை எடுத்தேன். லோகநாயகி என்னைத் தடுத்தாள். தடுத்துவிட்டு, தானே வாங்கி, மகளின் தலையில் வைத்தாள்.